மெங்கல் கணவாயில் எடுத்த முடிவு: டெத் வேலி, ஜூலை 1996 (நிகழ்வு ஆய்வு)

1996 ஜூலை 23. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவின் தென்மேற்குப் பகுதியில், வார்ம் ஸ்பிரிங் கேன்யன் என்ற மலையிடுக்கில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய சுரங்க முகாம். அங்கே வந்து போகிறவர்கள் எழுதி வைக்கும் பதிவேட்டில் அன்று ஜெர்மன் மொழியில் ஒரு குறிப்பு ஏறியது: கணவாய் வழியாகப் போகிறோம். எழுதியவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவர்கள். 34 வயதான ஒருவர், பத்துப் பதினொரு வயதில் அவர் மகன், 27 வயதான அவர் தோழி, அந்தப் பெண்ணின் நான்கு வயது மகன். வாடகைக்கு எடுத்த பிளிமத் வாயேஜர் மினிவேன். ஜூலை 27 அன்று ஊர் திரும்ப விமானம்.

விமானத்தில் அவர்கள் ஏறவில்லை. அக்டோபர் 21 அன்று ஹெலிகாப்டரில் வேறு வேலையாகப் பறந்த பூங்காக் காவலர் ஒருவர், வண்டிகளே போகாத ஆன்வில் கேன்யனின் மணலில் அந்த வேன் புதைந்து நிற்பதைப் பார்த்தார். தேடுதல் நடந்தது. ஒரு பீர் பாட்டில் தவிரச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. 2009 நவம்பரில் ரிவர்சைடு மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் இருவர், வேன் நின்ற இடத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் எலும்புகளைக் கண்டார்கள். பெரியவர்கள் இருவருடைய முடிவு அதோடு தெரிந்தது. குழந்தைகளைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாத சான்று இன்றுவரை இல்லை.

இதை மர்மக் கதையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இதில் மர்மம் குறைவு. நாலைந்து முடிவுகள் வரிசையாக எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். அவற்றில் ஒன்றுதான் உயிரை எடுத்தது, அதுவும் பலர் நினைக்கிற முடிவு அல்ல. வண்டியை விட்டு நடந்ததைத்தான் எல்லோரும் சுட்டுவார்கள். அதற்கு முன்பே, பகல் வெளிச்சமும் ஓடுகிற வண்டியும் கையில் இருந்தபோது, கணவாயின் அடியில் எடுத்த முடிவிலேயே காரியம் கெட்டுவிட்டது.

பாதை

ஜூலை 22 அன்று அவர்கள் ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் ஜெர்மன் மொழிக் கையேடு வாங்கியிருக்கிறார்கள். அன்றிரவு மேற்கு மலைச்சரிவில் ஹனாபா கேன்யனில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. மறுநாள் தெற்கே வந்து வார்ம் ஸ்பிரிங் கேன்யன் பாதையில் திரும்பினார்கள். திட்டத்தில் அடுத்த இடம் யோசெமிட்டி தேசியப் பூங்கா. வரைபடத்தில் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும்: வார்ம் ஸ்பிரிங் வழியாக ப்யூட் வேலி, அங்கிருந்து மெங்கல் கணவாய், பிறகு கோலர் வாஷ் என்ற வறண்ட ஓடையில் இறங்கினால் பனமின்ட் சமவெளி. வந்த வழியே வடக்கே போய்ச் சுற்றுவதைவிட மலையை நேரே தாண்டிவிடலாம்.

இந்தப் பாதையின் குணமே ஆளை ஏமாற்றுவதுதான். சுரங்க முகாம் வரைக்கும் டால்க் கனிமம் ஏற்றிய லாரிகள் ஓடிய தடம். பள்ளம் மேடு இருந்தாலும் அகலமானது. சாதாரணக் கார் மெதுவாகப் போய்விடும். முகாமைத் தாண்டியதும் கரடுமுரடு கூடும், ஆனாலும் ஓட்டிவிடலாம் என்றே தோன்றும். ப்யூட் வேலியில் வரி வரியாக நிறம் மாறும் ஒரு மலை, ஊற்றடியில் ஒரு கற்குடில், நிழலுக்குப் பருத்தி மரம். பாலைவனம் இவ்வளவுதானா என்று நினைக்க வைக்கிற இடம். 1,318 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயை நெருங்கும்போதுதான் பாதை நிஜமாக மாறுகிறது: படிக்கட்டு மாதிரிப் பாறைகள், ஒரு சக்கரம் மேலே ஒரு சக்கரம் கீழே. அடி உயர்ந்த ஃபோர் வீல் வண்டியும் பழகிய ஓட்டுநரும் இல்லாமல் தாண்ட முடியாது. முன்சக்கர இழுவையுள்ள மினிவேனுக்கு அங்கே வேலையே இல்லை.

வெப்பமும் இதே போல ஏமாற்றும். அந்தக் கோடையில் ஃபர்னஸ் கிரீக்கில் 40 நாட்கள் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 49 செல்சியசைத் தொட்டன. பூங்காவின் பதிவுகளிலேயே மோசமான கோடைகளில் ஒன்று. ஆனால் ஆயிரம் அடி ஏறினால் மூன்று முதல் ஐந்து ஃபாரன்ஹீட் டிகிரி வரை குறையும். கணவாய்ப் பக்கம் நாலாயிரம் அடிக்கு மேல். அடிவாரத்தில் 49 என்றால் அங்கே 40 சொச்சம், காற்றும் வீசும். வேனில் ஏசி ஓடுகிறது. காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை வந்த கணமே உலர்ந்துவிடும், சட்டை நனையாது. கசகசவென்று நனைந்தால்தான் வியர்வை என்று பழகிய உடம்புக்குத் தண்ணீர் போவதே தெரியாது. சென்னை வெயிலைப் பார்த்தவர்கள் நாங்கள் என்ற தைரியமும் இங்கேதான் காலை வாரும்.

திரும்பிய இடம்

கற்குடிலுக்கு அவர்கள் போனது உறுதி. அங்கிருந்த அமெரிக்கக் கொடி பிறகு வேனுக்குள் கிடைத்தது. கணவாயை முயன்று பார்த்தார்களா, பார்த்ததுமே விட்டுவிட்டார்களா என்பது ஊகம். எப்படியானாலும் தாண்டவில்லை. அப்போது கையில் இருந்த வழிகள் இரண்டு.

முதல் வழி, வந்த பாதையிலேயே திரும்புவது. மெதுவான, அலுப்பான, பல மணி நேரப் பயணம். ஆனால் ஒவ்வொரு பள்ளமும் சில மணி நேரம் முன்பு இதே வண்டி கடந்த பள்ளம். வழியில் சுரங்க முகாம், ஊற்று.

இரண்டாவது, ஆன்வில் கேன்யன். ப்யூட் வேலியிலிருந்து கிழக்கே நேராகச் சமவெளிக்கு இறங்கும் வறண்ட ஓடை. பழைய வரைபடங்களில் அதன் ஊடே ஒரு தடம் குறிக்கப்பட்டிருந்தது. 1994 அக்டோபர் 31 அன்று கலிஃபோர்னியப் பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாகி, டெத் வேலி தேசிய நினைவிடம் என்ற நிலையிலிருந்து தேசியப் பூங்காவானது. பெரும் பரப்பு வண்டிகள் நுழையக் கூடாத வனப்பகுதியானது. அந்தத் தடம் அதற்கு முன்பே வெள்ளம் அரித்த ஒன்று. அச்சடித்த கோடு மட்டும் மிஞ்சியது.

கீழ்நோக்கி, குறுக்கே, வரைபடத்தில் கோடு. களைத்த ஓட்டுநர் இதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. சிக்கல் என்னவென்றால், ஓடை மணலில் இறங்குவது ஒருவழிக் காரியம். இறங்கும்போது சரிவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் சக்கரம் எவ்வளவு புதைகிறது என்பது தெரியாது. ஏறத் தொடங்கினால் முன்சக்கரம் குழி தோண்டிக்கொள்ளும். மணலுக்கு இடையே கிடக்கும் உடைந்த பாறைகள் டயரின் மேல்பட்டையைக் கிழிப்பதில்லை; பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர்க் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. பல டயர்கள் காற்றிழந்த பிறகும் வேன் ஓட்டப்பட்டிருக்கிறது. நின்றால் திரும்பக் கிளம்ப முடியாது என்ற பயத்தில் ஓட்டியிருப்பார்கள். காற்றில்லாத டயர் மணலைக் கலப்பை போல உழும். அச்சு வரை இறங்கியதும் முடிந்தது.

அறியாத பாதையில் தடை வந்தால், அறிந்த பாதையிலேயே திரும்ப வேண்டும். இன்னொரு அறியாத பாதையைத் தடைக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதற்காகவே எரிபொருளையும் நேரத்தையும் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள். பாதி டீசல் தீர்வதற்குள் அல்லது பிற்பகல் 2 மணிக்குள் தார்ச்சாலை கண்ணில் படவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடுவது. எந்த நேரம் என்பதைக் காலையில் புறப்படும்போதே சொல்லி வைப்பது நல்லது. மலையடிவாரத்தில் களைப்போடு பேசி முடிவு செய்கிற விஷயம் அல்ல.

நடந்தது எந்தப் பக்கம்

வேன் நின்ற பிறகு வழக்கமான அறிவுரை: வண்டியை விட்டு நகராதே. அறிவுரை சரி. ஆனால் இந்த நிகழ்வில் அதை அப்படியே ஒப்பிக்க முடியாது. வண்டியருகே காத்திருப்பதில் பயன் இருக்க, யாராவது தேட வேண்டும். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. வேன் கண்ணில் படவே மூன்று மாதம் ஆனது. அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள்.

மிஞ்சிய ஒரே நல்ல வழி மேற்கே, வந்த ஓடையிலேயே மேலேறி, சில மைல் தொலைவிலிருந்த கற்குடிலுக்கும் ஊற்றுக்கும் போவது. தண்ணீர் உண்டு, சுவரும் கூரையும் உண்டு, கோடையிலும் எப்போதாவது ஆள் வரும் இடம். மேலே ஏற ஏறச் சூடும் குறையும். அன்று வளர்பிறை அரைநிலா; நள்ளிரவை ஒட்டி மறையும்வரை ஓடை மணலில் நடக்க அந்த வெளிச்சம் போதும்.

அவர்கள் தெற்கே போனார்கள். ஏன் என்பதற்கு, எலும்புகளைக் கண்டவர்களில் ஒருவர் முன்வைத்த விளக்கம் ஏற்கும்படி இருக்கிறது. வரைபடத்தில் தெற்கே சைனா லேக் கடற்படை ஆயுதத் தளத்தின் எல்லை தெரியும். ஐரோப்பாவில் ராணுவத் தளம் என்றால் எல்லையில் வேலியும் ரோந்தும் இருக்கும். எல்லையை எட்டினால் ஆள் கிடைப்பான். சைனா லேக்கின் பரப்பு ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர். அந்தப் பக்கத்து எல்லை வெறும் பாலைவனத்தில் போகும் கோடு. ரோந்து வரும் வேலி அங்கே இல்லை.

ஊர்ப் பழக்கம் இப்படி உள்ளே புகுந்துவிடும் என்பதால்தான் இந்த விளக்கம் நமக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் எந்த மண்பாதையில் வண்டி நின்றாலும் அரை மணி நேரத்தில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியாவது வரும், ஒரு டீக்கடை எட்டும் தூரத்தில் இருக்கும். பாதை என்று ஒன்று இருந்தால் அதில் ஆள் வரும் என்பதை நாம் யோசித்து நம்புவதில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம். டெத் வேலியின் பரப்பு சுமார் 13,700 சதுர கிலோமீட்டர். பல தடங்களில் கோடையில் வாரக்கணக்கில் வண்டி வராது.

நடையின் கணக்கு கொடூரமானது. இந்த வெயிலில் நடக்கிற பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வையாகப் போகும். 10 லிட்டர் சுமந்தால் 10 கிலோ எடை, அதைச் சுமப்பதற்கே கூடுதல் வியர்வை. நான்கு வயதுக் குழந்தை இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்காது, தூக்க வேண்டும். குழந்தைகளின் உடம்பு எடைக்குத் தோல்பரப்பு அதிகம், வியர்வை குறைவு. பெரியவரைவிடச் சீக்கிரம் சூடேறும். தரைக்கு அருகில் இருக்கிறவர்களும் அவர்கள்தான். ஃபர்னஸ் கிரீக்கில் 1972 ஜூலை 15 அன்று காற்று 53 செல்சியஸ் இருந்தபோது தரையின் வெப்பம் 94 செல்சியஸ். ஜூலை இரவிலும் பள்ளத்தாக்கின் அடியில் சராசரியாக 31 செல்சியஸ் அளவுக்குத்தான் இறங்கும்.

தேடியவர்களுக்கும் இது புதிராக இருந்ததில் நியாயம் உண்டு. இரண்டு சிறுவர்களோடு இந்தத் திசையில் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இன்று மாறியது, மாறாதது

ஜிபிஎஸ் வந்துவிட்டதே என்பவர்களுக்கு: 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் மகனும் இதே பூங்காவின் தென்பகுதியில், கருவி காட்டிய பழைய சுரங்கத் தடத்தில் போய் மணலில் சிக்கினார்கள். ஐந்தாம் நாள் தாயை உயிரோடு கண்டார்கள், சிறுவன் இறந்திருந்தான். 'ஜிபிஎஸ் சாவு' என்று அங்குள்ள காவலர்கள் பேர் வைத்துவிட்டார்கள். அச்சிட்ட கோடு திரைக்குள் போனது, அவ்வளவே. கைபேசிச் சிக்னல் பூங்காவின் பெரும்பகுதியில் இல்லை. உண்மையில் மாறியது செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவிகள்தான். புதிய ஐபோன்களிலும் அந்த வசதி இருக்கிறது. திறந்த வானம் வேண்டும், ஒடுங்கிய கேன்யனுக்குள் தாமதமாகும், பேட்டரி தீர்ந்தால் கல். தனிக் கருவி வாடகைக்குக் கிடைக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். அக்டோபர் நடு முதல் ஏப்ரல் நடு வரை டெத் வேலி கூடாரம் போட அருமையான இடம். கலிஃபோர்னியாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல்: ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது மே, ஜூன், ஜூலையில்; பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஃபர்னஸ் கிரீக்கில் கூடாரம் போடாதீர்கள். கடல்மட்டத்துக்குக் கீழே 60 மீட்டரில் இருக்கிறது அது. விடியும் முன்பே வெந்துவிடும். கோடையில் போயே தீர வேண்டுமென்றால் 1,250 மீட்டர் உயரத்து வைல்ட்ரோஸ், அதற்கும் மேலே 2,500 மீட்டரில் மஹோகனி ஃபிளாட். பின்னதன் கடைசிப் பகுதிக்கு அடி உயர்ந்த வண்டி வேண்டும். பள்ளத்தாக்கைக் காலை 9 மணிக்குள் பார்த்துவிட்டு மலையேறிவிடலாம். பேட்வாட்டர், ஸாப்ரிஸ்கி பாயின்ட், மெஸ்கீட் மணல்மேடுகள், டான்டேஸ் வியூ எல்லாம் தார்ச்சாலையிலேயே வரும். வாடகை வண்டியில் இவற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வாடகை ஒப்பந்தமும் காப்பீடும் பெரும்பாலும் செல்லாது.

தண்ணீர்: பூங்கா சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர், நடந்தால் இன்னும் அதிகம். நால்வருக்கு 16. மூன்று நாள் இருப்பு என்று வைத்தால் 48, ரேடியேட்டருக்கும் கைகால் நனைக்கவும் 10 சேர்த்து ஏறத்தாழ 60 லிட்டர். அதை ஒரே பெரிய டிரம்மில் அடைக்க வேண்டாம். ஒரு விரிசல் போதும், எல்லாம் போய்விடும். இரண்டு 20 லிட்டர் கேன், மிச்சம் சின்னச் சின்னப் பாட்டில்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து, உப்புப் பிஸ்கட், ஊறுகாய், நெல்லிக்காய் வற்றல் எதுவானாலும் சரி. யாராவது பேச்சில் குழறினால், பெயர் கேட்டால் விழித்தால், அது வெறும் களைப்பு அல்ல, உடம்பு 40 செல்சியசைத் தாண்டியிருக்கலாம். நிழலில் கிடத்தி, துணி முழுக்க நனைத்து விசிற வேண்டும். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மண்பாதையில் இறங்குகிறவர்களுக்கு வண்டிதான் எல்லாம். பல புது வண்டிகளில் ஸ்டெப்னியே இருப்பதில்லை. காற்றடிக்கும் சின்னப் பம்பும் பசைக் குப்பியும்தான். பக்கச் சுவர் கிழிந்தால் இரண்டும் வீண். முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது, முடிந்தால் இரண்டு. ஜாக்கி, மணலில் அது புதையாமலிருக்க ஒரு அகலப் பலகை, மண்வெட்டி, பஞ்சர் கிட், கம்ப்ரஸர். கூர்க்கல் தடத்துக்கான கனத்த டயர் வேறு, கார் டயர் வேறு. மணலில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மிதக்கும், தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றாமல் வேகம் எடுக்கக் கூடாது. கம்ப்ரஸர் இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். கூடுதலாக மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் ஒரு கை ஆழம். கூடாரத்தை ஓடை மணலில் போடக் கூடாது. மழை எங்கோ மலையில் பெய்யும், வெள்ளம் இங்கே வரும்.

சிக்கிவிட்டால், செய்தி அனுப்பிய பிறகு வண்டியருகிலேயே இருக்க வேண்டும். வண்டிக்குள் அல்ல, அது அடுப்பு. பக்கவாட்டில் தார்ப்பாயைக் கட்டி, தரையில் ஓரடி மண்ணை வாரிவிட்டு உட்கார்ந்தால் சூடு குறையும். பானெட்டைத் திறந்து வைப்பது, வெளிர் மணலில் கடும் நிறத் துணி விரிப்பது, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுவது மேலிருந்து தெரியும். ஸ்டெப்னியின் காற்றை முழுதும் இறக்கி, வண்டிக்கு எட்டாத தூரத்தில் எரித்தால் கரும்புகை எழும். விமான ஓசை கேட்கும்போதுதான், முன்பே வீணாக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது வீட்டில் விட்டுப் போகும் ஒரு தாள். சுரங்க முகாமின் பதிவேட்டில் அவர்கள் எழுதியது சரியான காரியம்தான், ஆனால் யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் எழுதினார்கள். தாளில் வண்டியின் நிறமும் எண்ணும், எந்தெந்தப் பாதை, எந்த இரவு எங்கே, திருப்பிவிடும் நேரம் எத்தனை மணி, எந்த நாள் எந்த மணிக்குள் போன் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வழியில் திட்டம் மாறினால், சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலிருந்து மாற்றத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். தாளை வாங்கி வைத்திருப்பவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார் என்றால் இன்னொரு விஷயம்: அங்கிருந்து 911 அழைத்தால் அமெரிக்காவுக்குப் போகாது. பூங்காவின் எண்ணையும் இன்யோ கவுண்டி ஷெரிஃப் அலுவலக எண்ணையும் நாட்டுக் குறியீடு 1 சேர்த்து முழுதாக எழுதிக் கொடுங்கள், கலிஃபோர்னியா நேரத்தையும் இந்திய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு.